முன்படலையால் வந்தவர்

எனக்கு எழுதத் தெரியாது. என்னுடைய ஓட்டோவின் பின்கண்ணாடியில் என்ன வாசகம் போடுவது என்று பெயின்ற் அடிக்கிறவர் கேட்டபோது, வாய் வராமல், நீங்களே ஏதாவது போடுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அவர் ஒரு பூவைக் கீறிவிட்டார். இன்றைக்கும் அந்தப் பூதான் இருக்கிறது. ஓ.எல் வரைக்கும் படித்த, நாலு பேருக்கு முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிற ஒருவன், இன்னொரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி எழுதக்கூடிய படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அவரை மைதானத்தில் கண்டவர்கள். நான் எட்டு வருடம் ஓட்டோவின் சின்னக் கண்ணாடியில் கண்டவன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. வீடுகளுக்குப் போகும்போது அவரும் தன் பெயரைச் சொல்வதில்லை. "கரையிலையிருந்து வாறன்" என்றுதான் சொல்லுவார். கல்லூரிகளின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். எழுதினால் ஒரு பக்கத்தார் என் ஓட்டோவில் ஏறமாட்டார்கள். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். பெடியங்கள் தங்களுக்குள் 'கால் பார்க்கிறவர்' என்று சொல்லுவார்கள்.

குருநகர்ப் பக்கத்தில் ஒரு மீனவர் சங்கத்தில் கிளாக்கராக இருந்தார். அது கிழமை நாட்களில். சனி, ஞாயிறு என்றால் அவருக்குப் பந்துதான். தான் படித்த கல்லூரியின் உதைபந்தாட்டக் குழுவுக்கு ஆள் பார்த்துக் கொடுப்பது அவர் வேலை. சம்பளமில்லாத வேலை. மைதானத்தில் விளையாட்டுக்காரருக்குப் பக்கத்தில், கொட்டிலுக்குள், ஒரு பிளாஸ்ரிக் கதிரை அவருக்கென்று இருக்கும். அதுதான் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கதிரையில் இருக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்தால் மந்திரிக்கும் அப்படியொரு கதிரை இல்லை என்று தோன்றும்.

உதைபந்தாட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கல்லூரிகள் இரண்டு சுற்றாகப் பிரிந்து விளையாடின. பட்டணத்துக் கரையோரக் கல்லூரிகள் ஒரு சுற்று. வலிகாமம், தென்மராட்சிக் கல்லூரிகள் மற்றச் சுற்று. சனங்கள் கரைச் சுற்று, தோட்டச் சுற்று என்பார்கள். வருடக் கடைசியில் இரண்டு சுற்றிலும் வென்றவர்கள் ஒருதரம் மோதுவார்கள். எந்தச் சுற்றுப் பெரிது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒரு வருடத்துக்குச் சலூனிலும் மீன்சந்தையிலும் அதைப் பற்றித்தான் கதை. ஆகவே ஓ.எல் சோதனை முடித்து, மேல்வகுப்புக்குக் கல்லூரி மாறக்கூடிய நல்ல பெடியன் ஒருவன் மற்றச் சுற்றில் இருந்தால், அவனை எடுக்க எல்லாரும் பறப்பார்கள். அவன் படித்த கல்லூரி விடுகைக் கடிதம் கொடுத்தால்தான் சுற்று மாறலாம். கடிதத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் பெடியனைப் பிடி என்பதுதான் ஊரில் இருந்த முறை. தியூசன் வாசலில் மறித்துக் கதைப்பார்கள். மாமன், மச்சானைப் பிடிப்பார்கள். வட்ஸ்அப்பில் விடுதியின் படம் அனுப்புவார்கள்.

அண்ணையின் முறை வேறு. ஒரு பெடியனில் கண் வைத்தால், அவனிடம் ஒரு சொல்லும் பேசமாட்டார். முதலில் அவனுடைய விளையாட்டு மாஸ்டரின் வீட்டுக்குப் போவார். வாசல் படலையைத் தட்டி, "உங்கடை பெடியனைக் கேக்கப் போறன். நீங்களும் வாங்கோ" என்பார்.

நீங்களும் வாங்கோ என்றால், இதே ஓட்டோவில். எடுக்க வந்தவரும் இழக்கப்போகிறவரும் பின்சீற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பெடியனின் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே தாய் தகப்பனுக்கு முன்னால் இரண்டு பேரும் தங்கள் தங்கள் கதையைச் சொல்லவேண்டும். பிறகு வீட்டுக்காரர் முடிவெடுக்கலாம்.

முதல்தரம் சாவகச்சேரிப் பக்கம் இப்படி ஒரு மாஸ்டரைக் கேட்டபோது அவர் ஏறமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் புறப்பட்டதும் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து, ஏ9 வீதி முழுக்க எங்களை ஏசிக்கொண்டே வந்தார். அண்ணை தலையை வெளியே நீட்டி, பெடியனின் ஒழுங்கை எது என்று அவரிடமே கேட்டார். அவரும் ஏச்சுக்கு நடுவில் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். இன்னொரு நாள் அண்ணையும் ஏறி வந்த வேறொரு மாஸ்டரும் ஓவ்சைட் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு வந்ததில் பெடியனின் வீட்டைத் தாண்டி இரண்டு கட்டை தூரம் போய்விட்டோம். சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஏறினவுடன் வறுத்த கச்சான் கடலைப் பையை எடுப்பார். முதல் கைப்பிடி மற்றப் பக்கத்து மாஸ்டருக்கு. இரண்டாவது எனக்கு. கடைசியில்தான் தான் தின்பார்.

வீட்டுக்குள் போனால் தன் கல்லூரியின் குறைகளை முதலில் சொல்லுவார். எங்கடை விடுதியிலை மத்தியானச் சோறு குழைஞ்சிருக்கும். மைதானத்திலை கடற்கரைப் பக்கத்துக் கோல் அடியிலை கல்லு. மாரியிலை தண்ணி நிக்கும். தாய்மார் சிரித்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் மாஸ்டர், தான் சொல்ல நினைத்து வந்ததையெல்லாம் இவர் சொல்லிவிட்டாரே என்று முழிப்பார். இதனால் கேட்டதில் பாதிப் பெடியங்கள்தான் வந்தார்கள். ஆனால் வந்தவன் ஒருவனும் இடையில் விட்டுப் போகவில்லை. விடுகைக் கடிதம் கேட்டு அலைந்ததும் இல்லை. மாஸ்டர்மார் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் வட்டுக்கோட்டைப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பும்போது அவராகவே சொன்னார். அவருடைய தாய் மீன்கூடை தூக்கி விற்றவர். தோட்டப்பக்கத்து வீடுகளுக்குப் போனால் குசினிப் பக்கத்தால்தான் போவாராம். முன்பக்கத்தால் வா என்று ஒருவரும் சொன்னதில்லையாம்.

"அம்மா எல்லா வீட்டுக்கும் பின்படலையாலைதான் போனவ தம்பி. நான் முன்படலையாலை போறன். அவ்வளவுதான்."

அதைச் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பார்த்த பெடியனின் வலது கணுக்கால் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

கால் பார்க்கிறவர் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. மைதானத்தில் எல்லாரும் பந்தைப் பார்க்க, இவர் பந்திலிருந்து தூரத்தில் நிற்கிறவனின் கால்களைப் பார்ப்பார். பந்து இல்லாத நேரம் கால் சும்மா நிற்கிறதா, வேலை செய்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டியது. கோல்கீப்பருக்கும் கால்தான் என்பார். கை பிறகு வரும், முதலில் கால் போகவேண்டும்.

அப்படி அவர் கண்டுபிடித்தவன்தான் நீர்வேலிப் பெடியன். கோல்கீப்பர். வாழைத்தோட்டக்காரரின் மகன். வாழைக்குலை தூக்கித் தூக்கித் தோள் அகன்றிருந்தது. மூன்று கிழமை தொடர்ந்து அவனுடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனோம். மூன்றாம் கிழமை திரும்பும்போது, "உவன் இடக்காலைத்தான் முதல் எடுக்கிறான். அந்தக் கால் பொய் சொல்லாது" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருடைய குரல் விளங்கியது.

அந்த வருடம் அண்ணைக்கு இக்கட்டான வருடம். கல்லூரியின் கோல்கீப்பர் லண்டனுக்குப் போய்விட்டான். கரைச் சுற்று மூன்று வருடமாகத் தோற்றிருந்தது. குழுவின் செயலாளர், பட்டணத்தில் கடை வைத்திருக்கிறவர், வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: இந்த முறை கோல்கீப்பர் வராவிட்டால் ஆள் பார்க்கிற வேலையும் இல்லை, கொட்டிலுக்குள் கதிரையும் இல்லை. பதிவு முடிய இரண்டு கிழமை இருந்தது.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு புதன்கிழமை செயலாளர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் தந்தார். மேலே பூட்ஸின் படம் இருந்தது. நீர்வேலியில் அந்தப் பெடியன் வீட்டில் கொடுக்கவேண்டும். முன்வீதியால் போகாமல், தோட்டத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையால் போகவேண்டும். மாஸ்டரின் ஆட்கள் கண்டால் கதை வளர்ந்துவிடும் என்றார். அண்ணைக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். செயலாளர் பெரிய ஆள். நான் ஓட்டோக்காரன். கேட்காமல் பெட்டியை வாங்கினேன். பின் ஒழுங்கையால் போய், தாயிடம் கொடுத்து, கல்லூரியால் தந்தது என்று மட்டும் சொல்லி, அவர் இருக்கச் சொல்லியும் இராமல் வந்துவிட்டேன்.

அண்ணையிடம் சொல்ல வியாழன், வெள்ளி இரண்டு நாள் இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் போனோம். முதலில் பெடியனின் விளையாட்டு மாஸ்டர் வீடு. இவரைப் பெடியங்கள் விசில் மாஸ்டர் என்பார்கள். வாயில் விசில் இல்லாவிட்டாலும் விசில் மாதிரித்தான் கதைப்பார். அண்ணைக்கும் இவருக்கும் பல வருடப் போட்டி. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தும் இழந்தும் பழகினவர்கள்.

"ஐசே, என்ரை கோல்கீப்பரிலையும் கண் வைச்சிட்டீரோ?" என்றார் படலையில் நின்று.

"வைச்சிட்டன் மாஸ்டர். வாங்கோ, போய்க் கேப்பம்."

"உமக்கு விசர். அதைவிட விசர் எனக்கு, உம்மோடை ஏறிறதுக்கு" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். வழி முழுக்கக் கச்சான் தின்றார். அண்ணையின் கல்லூரிக்கு இந்த முறையும் தோல்விதான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணை ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன்.

முன்படலையால் உள்ளே போனோம். தகப்பன் விறாந்தையில் கதிரை எடுத்துப் போட்டார். நான் வழக்கம்போல் ஓட்டோவோடு நின்றேன். தாய் தேத்தண்ணித் தட்டோடு வெளியில் வந்தவர், என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து முற்றத்துக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, உள்ளை வாங்கோ. அண்டைக்குப் பெட்டி கொண்டந்து தந்திட்டுத் தேத்தண்ணியும் குடியாமல் போட்டியள். இண்டைக்கு விடமாட்டன்."

நல்ல மனதோடு சொன்னது. அவருக்கு இதில் ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. வேலிக்கம்பியில் புதுப் பூட்ஸ் இரண்டும் கழுவிக் காயப்போட்டிருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். விசில் மாஸ்டரும் கண்டார்.

அவர் எழும்பினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அவருடைய குரல் முதல்தரமாகத் தணிந்து வந்தது.

"உம்மை நம்பித்தானே ஐசே உம்மடை ஓட்டோவிலை ஏறி வந்தனான். கச்சானும் திண்டன்."

அண்ணை பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். அது உண்மை. செயலாளரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"என்ரை ஓட்டோவிலை வந்தது நான் கொண்டந்ததுதான் மாஸ்டர்" என்றார். "நான் பின்னாலை வந்திட்டன். இனி முன்னாலை வந்து கேக்க ஏலாது."

தகப்பன், இதில் என்ன இருக்கிறது, பெடியனுக்கும் விருப்பம், பட்டணத்தில் படிக்கட்டும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். பெடியன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, நான் வாறன். என்னைக் கேளுங்கோவன்" என்றான்.

"உன்னைக் கேக்கத்தான் ராசா ஆசை" என்றார் அண்ணை.

தாய்தான் கடைசியில் பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்து, இதை என்ன செய்கிறது என்று கேட்டார். அண்ணை ஒன்றை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "திருப்பித் தாங்கோ தங்கச்சி. உது இவனுக்கு ஒரு அளவு சின்னன். விரலைக் கடிச்சிருக்கும்." பெடியன் தன் காலைப் பார்த்தான். பெருவிரலில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. மூன்று கிழமை தூரத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்த அளவு, வாங்கிக் கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் எழும்பினோம். நானும் குடித்தேன். அப்படி ஒரு தேத்தண்ணியை நான் என் வாழ்க்கையில் விழுங்கியதில்லை.

திரும்பும்போது தன் வீட்டுப் படலையில் இறங்கியதும் விசில் மாஸ்டர் போகாமல் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, உள்ளே வாரும், கடிதம் எழுதித் தருகிறேன், பெடியனைக் கொண்டுபோம் என்றார். மெய்யாகத்தான் சொன்னார். நான் கண்ணாடியில் அண்ணையைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோல்கீப்பரும் கிடைப்பான், கதிரையும் மிஞ்சும், என் நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கும்.

"வேண்டாம் மாஸ்டர்" என்றார் அண்ணை.

மாஸ்டர் "கச்சான் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். அண்ணை பையோடு கொடுத்துவிட்டார்.

அது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெடியனுக்கு வர விருப்பம். அவனுடைய விருப்பத்தைவிட இவருடைய பிடிவாதம் பெரிதா என்று சில நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வேறு மாதிரி நடந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன் என்பதும் தெரியும்.

பூட்ஸ் பெட்டியை அவரே செயலாளரின் கடை மேசையில் கொண்டுபோய் வைத்தார். அடுத்த கிழமை கொட்டிலுக்குள் அவருடைய கதிரை இல்லை. "கதிரையைத்தானே எடுத்தவை" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக்கு வெளியில் சனங்களோடு நின்றார். அவர் நின்றதால் நானும் ஓட்டோவை விட்டு இறங்கி நின்றேன். இல்லாவிட்டால் நான் மைதானத்துக்குள் போகிறவன் இல்லை.

கரைச் சுற்றில் எப்படியோ எங்கள் கல்லூரி வென்றது. தோட்டச் சுற்றில் விசில் மாஸ்டரின் கல்லூரி. வருடக் கடைசி மோதல் ஒரு சனிக்கிழமை பின்னேரம். கயிற்றோரம் நிற்க இடமில்லை. கோல் விழவில்லை. பெனால்ற்றிக்குப் போனது. இரண்டு பக்கமும் நாலு நாலு. விசில் மாஸ்டரின் பெடியங்கள் ஐந்தாவதையும் அடித்துவிட்டார்கள். எங்கள் ஐந்தாவது பந்தை வைக்கும்போது எதிரே நின்றது நீர்வேலிப் பெடியன்.

அண்ணை கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தன் கல்லூரி வெல்லவேண்டும் என்று நாற்பது வருடம் நினைத்த மனிதர். அவர் பந்தைப் பார்க்கவில்லை. அடிக்கப்போகிறவனைப் பார்க்கவில்லை. பெடியனின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடக்கால் முதலில் போனது. பிறகு கை.

தோட்டப்பக்கச் சனம் உள்ளே ஓடியது. அண்ணை கை தட்டவில்லை. கயிற்றை விடவும் இல்லை. அந்த நேரம் செயலாளர் நாலு பேரோடு அதால் வந்தார். எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "கப் வைக்கிற அலுமாரி வெறுமையாத்தான் கிடக்கு. உங்கடை நேர்மையைக் கொண்டுவந்து வையுங்கோ" என்றார்.

"அலுமாரித் திறப்பைத் தாரும், வைக்கிறன்" என்றார் அண்ணை.

கூட வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளர் நிற்கவில்லை.

பெடியன் தோழர்களின் தோளிலிருந்து இறங்கிக் கயிற்றடிக்கு வந்தான். கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றான். அண்ணை அவனுடைய காலைப் பார்த்தார். பழைய பூட்ஸ், ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது.

"உதைத் தைக்கவேணும் ராசா" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிலையத்தைத் தாண்டினபிறகு எனக்கு எப்படியோ வாய் வந்தது. "அண்ணை, அண்டைக்கு அந்தப் பெட்டி…" என்று தொடங்கினேன்.

"நீர் வாய் திறக்கமாட்டீர் எண்டு தெரிஞ்சுதான் தம்பி உம்மட்டைக் குடுத்தவங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, "நானும் அதுக்குத்தான் உம்மடை ஓட்டோவிலை ஏறுறனான்" என்றார்.

அவர் காலமாகி இரண்டு மாரி போய்விட்டது.

அந்த மோதலுக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஒன்பது மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஆள் பார்க்கச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. என்றாலும் சாவகச்சேரியில் ஒரு பெடியன் இருக்கிறானாம், முதலில் அவனுடைய மாஸ்டர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். போனோம். மாஸ்டர் வீட்டில் இருந்தார், ஏறி வந்தார். பெடியன் வீட்டில் இல்லை. கச்சானைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தோம்.